விறகுக் கொதிகலன் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

திருப்பூர், அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் ஆகிய தாலூகாக்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களே பனியன் தொழிலிலும் இறங்கியிருப்பது யாவரும் அறிந்த விஷயம். கிணற்று நீர் குறைந்து, பயிரேற்ற முடியாமற்போன காட்டின் ஒரு மூலையில் கொட்டகை போட்டு, துணிக்கு ஆவி கொடுத்து அகலமும் நீளமும் திருத்தும் காம்பாக்டிங் யந்திரத்தை நிறுவுகிறவர்கள் உண்டு. அவ்வாறு நிறுவுகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது நீராவி. நீராவிக்குத் தேவை கொதிகலன். அதாவது ஊர் வழக்கில் பாய்லர். அதற்குரிய எரிபொருள் இப்பகுதியில் பெரும்பாலும் விறகேயாகும்.

கொதிகலனை விலை பேசுகிறவர்கள், அதன் விலையையும், மணிக்கு எத்தனை கிலோ ஆவி தரும் என்பதையும் மட்டும் கேட்பது வழக்கம். இது போதாது. கொதிகலனின் விலை ஒரு முறை கொடுப்பது. விறகின் விலை தினந்தோறும் கொடுப்பது. அது விடும் புகையோ, உடையவர் வீட்டிலும் அண்டை நிலத்துக்காரர் வீட்டிலும் பல வருஷம் நுழைவது. ஆகையால் வாங்குவோர், விறகு எங்கிருந்து, எந்த நிலையில் வருகிறது என்பதில் தொடங்கி, புகைபோக்கியின் உச்சி வரை கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். அக்கணக்கின் விவரம் கீழே தரப்படுகிறது.

நொய்யல் கற்பித்த பாடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலில், பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-ம் வருஷம் முடிவடைந்தது. ஆனால் அதில் தேங்கியது சாயப்பட்டறைகளிலும் சலவைப்பட்டறைகளிலும் இருந்து வந்த உப்புக் கழிவுநீரே. கீழ்ப்பகுதி ஆயக்கட்டுதாரர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 2006-ம் வருஷம், பட்டறைகள் கழிவுநீர் ஒரு துளியும் வெளியேற்றாதபடி செய்து கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2009-ம் வருஷம் ஆயக்கட்டுதாரர் பக்கத்தையே ஆதரித்தது. உத்தரவு நிறைவேறாமையால், 2011-ம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

அதன்பின் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்திருத்தப்பட்டன. சவ்வுகளின் வழியே கழிவுநீரை அழுத்திப் பிழிந்து நல்ல நீரைப் பிரித்த பிறகு, மிஞ்சும் கடும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் முறை ஏற்பட்டது. காய்ச்சுவதற்கு நீராவி வேண்டும். நீராவிக்கு விறகு வேண்டும். ஆற்றைக் காப்பாற்றும் வேலையில் ஒரு பங்கு நெருப்பின்மேல் விழுந்தது என்று இதனைச் சொல்லலாம். தண்ணீரிற் கலந்த கேட்டை நீக்கும்போது அதனைக் காற்றிற் கலந்துவிடாமற் பார்ப்பது அவசியம்.

இவ்வரலாற்றிலிருந்து விவசாயிகள் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. விதியை முதலில் அலட்சியம் செய்து, பின்னர் ஒரே நாளில் கதவடைக்க நேர்ந்தால், யந்திரத்திற் போட்ட முதல் முழுவதும் முடங்கும். கடன் வாங்கி நிலத்தை ஈடு காட்டியவருக்கு அது நிலத்தையே இழக்கும்படியான காரியமாகும்.

புகை என்பது யாது?

விறகு மூன்று படிகளில் எரிகிறது. முதற்படியில் அதிலுள்ள நீர் ஆவியாகிப் போகிறது. இரண்டாவது படியில் சூடு ஏறியதும் மரம் சிதைந்து, எரியத்தக்க வாயுக்கள் வெளிவருகின்றன. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்விதம் வாயுவாகவே வெளியேறுகிறது. மூன்றாவது படியில் மிச்சமான கரி, தணலாக நின்று எரிகிறது.

இரண்டாவது படியில் வரும் வாயுக்கள், மிகுந்த சூடும் போதிய காற்றும் இருந்தால் சுடராகி எரிந்துவிடும். சூடு குறைந்தாலோ, காற்று போதாவிட்டாலோ, எரியாத தாரும் கரித்துகளுமாக வெளியேறும். கண்ணைக் கரிக்கும் புகை அதுவே. ஆகவே புகை என்பது எரியாமற் போன விறகு. காசு கொடுத்து வாங்கிய பொருள் புகைபோக்கி வழியாக வீணாவதைக் காட்டும் அடையாளம். புகையைக் குறைப்பது சர்க்காருக்காகச் செய்யும் காரியம் மாத்திரமன்று. உடையவரின் சொந்த லாபமுமாகும்.

விறகின் ஈரம்

பச்சை மரத்தில் எடையிற் பாதி வரை நீர் இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்க நெருப்பே தன் சூட்டைச் செலவழிக்கிறது. முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4,400 கிலோகலோரி சூடு தரும் என்றும், அறைச் சூட்டிலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோகலோரி செலவாகும் என்றும் கொண்டு கணக்கிடலாம்.

நூற்றுக்கு 50 பங்கு ஈரமுள்ள 100 கிலோ விறகில் மரம் 50 கிலோ, நீர் 50 கிலோ. மரம் தருவது 2,20,000. நீர் கொண்டுபோவது 30,500. மிச்சம் 1,89,500 கிலோகலோரி.

நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ விறகில் மரம் 80 கிலோ, நீர் 20 கிலோ. மரம் தருவது 3,52,000. நீர் கொண்டுபோவது 12,200. மிச்சம் 3,39,800 கிலோகலோரி.

அதாவது காய்ந்த விறகு ஒரு டன், பச்சை விறகு 1.79 டன்னுக்குச் சமம். பச்சை விறகு டன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த விறகுக்கு டன் 7,100 ரூபாய் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பச்சை விறகு அடுப்பைக் குளிரச் செய்து வாயுக்களை எரியவிடாமல் தடுப்பதால் உண்டாகும் சேதம் இக்கணக்கிற் சேரவில்லை.

அதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு கிலோ ஆவிக்குச் சுமார் 630 கிலோகலோரி வேண்டும். காய்ந்த விறகின் சூட்டில் நூற்றுக்கு 65 பங்கு தண்ணீருக்குச் சேர்வதாகக் கொண்டால், ஒரு கிலோ விறகு மூன்றரைக் கிலோ ஆவி தரும். பச்சை விறகில் 55 பங்கே சேர்வதாகக் கொண்டால், ஒரு கிலோவுக்குக் கிடைப்பது 1.65 கிலோ ஆவி மட்டுமே. மணிக்கு ஒரு டன் ஆவி தரும் கொதிகலனை எட்டு மணி நேரம் முழு அளவில் ஓட்டக் காய்ந்த விறகு சுமார் 2.3 டன் போதும். பச்சை விறகோ 4.8 டன் வேண்டியிருக்கும்.

ஈரத்தை அறியும் முறை எளியது. வண்டியின் அடியிலும் நடுவிலும் மேலிலும் இருந்து சில கட்டைகளை எடுத்துப் பிளந்து, நடுப்பகுதியிலிருந்து சிம்புகளாகச் சீவி, சரியாக 1,000 கிராம் நிறுத்துக்கொள்ளவும். சிம்புகள் கருகாதபடி தகட்டின்மேல் இளஞ்சூட்டில் உலர்த்தி, இடையிடையே நிறுத்து, எடை மேலும் குறையாமல் நின்றதும் குறித்துக்கொள்ளவும். 560 கிராம் நின்றால் ஈரம் நூற்றுக்கு 44 பங்கு. 800 கிராம் நின்றால் 20 பங்கு. அவசரத்தில் பார்ப்பவர்கள், கட்டையின் முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை தளர்ந்திருக்கிறதா, இரண்டு கட்டைகளை மோதினால் கணீரென்று ஒலிக்கிறதா என்று கவனித்தால் ஓரளவு தெரியும்.

விறகு அடுப்புப் புகையை அடக்க முற்பட்ட பிற தேசத்தாரும் இம்முடிவுக்கே வந்துள்ளனர். இங்கிலாந்தில் 2021-ம் வருஷம் மே மாதம் முதல், வீடுகளுக்கென்று இரண்டு கன மீட்டருக்குக் குறைந்த அளவில் விற்கப்படும் விறகில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருக்கலாகாது என்பது விதி. அடுப்பைக் கட்டுப்படுத்தியது போதாது என்று கண்டு, விறகையே கட்டுப்படுத்தினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கொதிகலனிற் பார்க்க வேண்டிய அம்சங்கள்

(1) அளவு: தேவைக்கு மிஞ்சிய பெரிய கொதிகலன் வாங்குவது சாதாரணமாக நேரும் தவறு. மணிக்கு 400 கிலோ ஆவி போதுமான இடத்தில் ஒரு டன் கொதிகலனை நிறுவினால், ஆவி மிஞ்சும்போதெல்லாம் காற்றை அடைத்து நெருப்பை மூச்சு முட்டச் செய்வார்கள். அப்பொழுது விறகு சுடர்விடாமல் புகைந்துகொண்டே இருக்கும். யந்திரங்கள் யாவும் ஒரே வேளையில் ஓடுமா, மாறி மாறி ஓடுமா என்று பட்டியல் எழுதிப் பார்த்த பின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

(2) ஆவியா, எண்ணெயா: காம்பாக்டிங் யந்திரத்திற்கும் சாயத்தொட்டிக்கும் ஆவி தேவை. ஈரத்துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் யந்திரத்திற்கு, குழாய்களிற் சுற்றிவரும் தெர்மிக் எண்ணெயைச் சூடாக்கும் அடுப்பு வைப்பதுண்டு. இவ்விரண்டின் அமைப்பும் அவற்றிற்குரிய சோதனையும் வேறு வேறானவை. ஒன்றின் பெயரில் விலைப்பட்டியல் பெற்று மற்றொன்றை வாங்கலாகாது.

(3) எரியறை: தணல் நிற்கும் இரும்புக் கம்பித்தட்டுக்கு மேல், சுடர் நீண்டு எரியப் போதிய உயரம் இருக்க வேண்டும். சுவர்களில் தீச்செங்கல் பதித்திருந்தால் சூடு காக்கப்படும். சுடர், குளிர்ந்த நீர்க்குழாய்களை உடனே தொட்டால் அணைந்து கரி பிடிக்கும்.

(4) காற்று: தட்டுக்குக் கீழிருந்து வரும் காற்று தணலை எரிக்கும், மேலிருந்து வரும் காற்று வாயுக்களை எரிக்கும். இரண்டுக்கும் தனித்தனி வாயிலும் தனித்தனி மூடியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மேற்காற்று இல்லாத அடுப்பு புகையாமல் இராது.

(5) தூசிப்பிரிப்பான்: சைக்ளோன் எனப்படும் கூம்பு வடிவப் பெட்டியில் புகை சுழன்று செல்லும்போது, கனமான சாம்பல் ஓரத்தில் மோதிக் கீழே விழும். சிறு கொதிகலன்களுக்கு இது ஏற்ற கருவியே. ஆனால் இது பிடிப்பது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட துகள்களையே. பச்சை விறகின் தார்ப்புகையோ ஆயிரத்தில் ஒரு பங்கிலும் நுண்ணியது. அது சைக்ளோனுக்குள் புகுந்து அப்படியே வெளியேறிவிடும். துணிப்பை வடிகட்டி நுண்ணிய துகளையும் பிடிக்கும். ஆயினும் தாரும் ஈரமும் மிகுந்தால் பை அடைத்துப்போகும், தீப்பொறி சென்றால் பை எரிந்துபோகும். ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பச்சை விறகின் குற்றத்தைத் தீர்க்காது. நீரைத் தெளித்துப் புகையைக் கழுவும் முறையில், கழுவிய நீரை என்ன செய்வது என்ற கேள்வி மீண்டும் நொய்யலிற் கொண்டுபோய் விடும்.

(6) தண்ணீர்: இப்பகுதியின் நிலத்தடி நீர் அநேக இடங்களிற் கடினமானது. அதனை மென்மையாக்கும் சாதனமின்றி ஊற்றினால், குழாய்களில் உப்புக்காறை படிந்து விறகுச் செலவு ஏறும். காறை தடித்தால் குழாய் வெந்து வெடிக்கவும் கூடும்.

விதிகள்

கொதிகலனுக்கு இருவகை விதிகள் உண்டு. ஒன்று வெடிக்காமற் காப்பதற்கு; மற்றது காற்றைக் காப்பதற்கு. இவற்றை ஒன்றென்று எண்ணி, ஒன்றைப் பெற்றதும் மற்றதை மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது மிகப் பழையது. 1863-ம் வருஷம் கல்கத்தாவில் நேர்ந்த ஒரு கோரமான வெடிப்பின் பிறகு, அடுத்த வருஷமே வங்காளத்தில் கொதிகலன் சோதனைக்குச் சட்டம் ஏற்பட்டது. தேசம் முழுமைக்குமான 1923-ம் வருஷச் சட்டத்தின் இடத்தில் இப்பொழுது 2025-ம் வருஷக் கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுடையவையும், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்திற்குக் குறைந்தவையும், தண்ணீரை 100 டிகிரிக்குக் குறைவாகவே சூடாக்குபவையும் இதற்கு உட்படா. மற்றவற்றைப் பதிவு செய்து, காலந்தோறும் சோதனைக்கு உட்படுத்தி, சான்று பெற்ற பின்பே ஓட்டலாம். தகுதிச் சான்று பெற்ற ஆளையே நெருப்பின் முன் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, 1974-ம் வருஷ நீர்ச் சட்டமும் 1981-ம் வருஷக் காற்றுச் சட்டமுமாகும். இவற்றின்கீழ்த் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இரண்டு படிகளிற் பெறவேண்டும். அஸ்திவாரம் போடுமுன் நிறுவும் இசைவு; நெருப்பு மூட்டுமுன் இயக்கும் இசைவு. கொட்டகை எழுப்பி, கொதிகலனை இறக்கிவைத்த பிறகு முதல் விண்ணப்பம் எழுதுவது வரிசை தவறியதாகும். அந்த இடத்திற்கு இசைவு மறுக்கப்பட்டால், இறக்கிய கொதிகலனை மீண்டும் ஏற்ற வேண்டியதுதான்.

1986-ம் வருஷச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் முதல் அட்டவணையில், சிறு கொதிகலன்களின் புகையில் ஒரு கன மீட்டருக்கு இருக்கத்தக்க தூசியின் அளவு பின்வருமாறு குறிக்கப்பட்டிருக்கிறது.

மணிக்கு 2 டன்னுக்குக் குறைந்த ஆவி: 1,200 மில்லிகிராம்.
2 முதல் 10 டன்னுக்குள்: 800 மில்லிகிராம்.
10 முதல் 15 டன்னுக்குள்: 600 மில்லிகிராம்.
15 டன்னும் அதற்கு மேலும்: 150 மில்லிகிராம்.

இவ்வளவுகள் யாவும், புகையில் நூற்றுக்கு 12 பங்கு கரியமிலவாயு இருப்பதாகக் கொண்டு திருத்திக் கணக்கிடப்படும். ஆகையால் வெளிக்காற்றைக் கலந்து புகையை நீர்க்கச் செய்து சோதனையிற் தேறலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால் நம்ப வேண்டாம்.

புகைபோக்கியின் உயரத்துக்கும் அளவு உண்டு. 2 டன்னுக்குக் குறைந்த கொதிகலனுக்கு, அண்டைக் கட்டடத்தின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு அல்லது 9 மீட்டர், இவற்றில் எது அதிகமோ அது. 2 முதல் 5 டன் வரை 12 மீட்டர். 5 முதல் 10 டன் வரை 15 மீட்டர். 10 முதல் 15 டன் வரை 18 மீட்டர். பக்கத்து வீடு 5 மீட்டர் உயரமாயின், சிறு கொதிகலனுக்கும் 12.5 மீட்டர் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

இவை குறைந்தபட்ச அளவுகள். வாரியம் தன் இசைவாணையில் இவற்றிலும் கடுமையான நிபந்தனை விதிக்கலாம். உடையவரைக் கட்டுப்படுத்துவது அவ்வாணையே. ஆணையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து அவற்றின்படி கொதிகலன் செய்பவரிடம் எழுத்து மூலம் உறுதி பெறுவது உத்தமம்.

புகையைச் சோதிக்கக் குழாயில் துவாரமும், ஆள் ஏறி நிற்க ஏணியும் மேடையும் வேண்டும். அத்துவாரம், கீழேயுள்ள வளைவு அல்லது இணைப்பிலிருந்து குழாய் விட்டத்தைப்போல் 8 மடங்கு மேலேயும், உச்சியிலிருந்து 2 மடங்கு கீழேயும் இருப்பது முறை. அரை மீட்டர் விட்டமுள்ள குழாயில் முறையே 4 மீட்டரும் 1 மீட்டருமாகும். இதனைக் குழாய் செய்யும்போதே அமைத்தால் செலவு சொற்பம். நிறுத்திய பிறகு வெட்டி அமைப்பது வீண் செலவு.

பழைய கொதிகலன் வாங்குவோர்க்கு

விலை மலிவு என்று பழைய கொதிகலனை நாடுகிறவர்கள் ஐந்து விஷயங்களைக் கேட்டறிய வேண்டும். தகட்டில் பொறித்த பதிவு எண், காகிதத்திலுள்ள எண்ணுடன் ஒத்திருக்கிறதா? கடைசியாகச் சோதித்த தேதியும், அனுமதித்த அழுத்தமும் யாவை? முதலில் அனுமதித்த அழுத்தம் பின்னர் குறைக்கப்பட்டிருக்கிறதா? குழாய் மாற்றியது, ஒட்டுவேலை செய்தது முதலியவை துறையின் அனுமதியுடன் நடந்தனவா? எண்ணெய் அல்லது நிலக்கரிக்கென்று செய்த கொதிகலனை விறகுக்கு மாற்றியிருக்கிறார்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. எண்ணெய்ச் சுடருக்கென்று அமைந்த குறுகிய எரியறையில் விறகைத் திணித்தால், வாயுக்கள் எரிய இடமின்றிப் புகையாகவே போகும். அத்தகைய கொதிகலன் எத்துணை மலிவாகக் கிடைப்பினும் வாங்கத்தக்கதன்று. காகிதமில்லாத கொதிகலனை விற்பவர், “எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார். பிறகு பார்க்க வேண்டியவர் வாங்கியவரேயன்றி விற்றவரல்லர்.

விறகு விற்கும் விவசாயிகளுக்கு

கொதிகலன் வாங்குவோரினும், அதற்கு விறகு விற்போர் கிராமங்களில் அதிகம். எடைக்கு விலை என்னும் வழக்கத்தால், வெட்டிய அன்றே வண்டியேற்றுவதுதான் லாபம் என்று எண்ணப்படுகிறது. நூற்றுக்கு 50 பங்கு ஈரமுள்ள ஒரு டன் விறகு 20 பங்குக்குக் காய்ந்தால் 625 கிலோவே நிற்கும் என்பது உண்மையே. ஆனால் மேற்சொன்ன கணக்கின்படி, அந்த 625 கிலோவில் உள்ள சூடு, பச்சையாயிருந்த ஒரு டன்னிலும் நூற்றுக்கு 12 பங்கு அதிகம். வண்டிக்கூலியில் 375 கிலோவும் மிச்சம். ஆகையால் வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து, ஈரத்தைச் சோதித்து அதற்கேற்ப விலை வைத்துக்கொண்டால் இருவர்க்கும் லாபமுண்டு. மரத்தைப் பிளந்து, தரையிற் படாமல் குறுக்குக் கட்டைகளின்மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களில் காற்றோட விட்டால் கோடையில் விரைவிற் காயும்.

எந்த மரத்தை வெட்டுவது என்பதும் யோசிக்கத்தக்கது. சீமைக்கருவேல் தாராளமாகக் கிடைப்பது, நின்று எரிவது, வெட்டினால் நிலத்திற்கு நஷ்டமில்லாதது. வரப்போரத்தில் சவுக்கும் சவுண்டலும் வைத்து முறைப்படி வெட்டலாம். பருத்திமார், மக்காச்சோளச் சக்கை, நிலக்கடலைத் தொலி, தேங்காய்த் தொட்டி ஆகியவையும் எரிபொருளாகும். ஆயின் தென்னைமட்டை போன்றவற்றின் சாம்பல் உருகித் தட்டில் கட்டியாகப் படிவதால், அவற்றை மற்ற விறகுடன் சிறிதளவே கலக்க வேண்டும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களிலுள்ள கொறங்காட்டு வெள்வேல் மரத்தின்மேல் கோடாரி வைப்பது பெரும் பிழை. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேலுமாக அமைந்த அம்மேய்ச்சற் காடே, மழை குறைந்த அப்பகுதியில் காங்கயம் மாடுகளையும் செம்மறிகளையும் வளர்த்து வந்திருக்கிறது. வெள்வேல் நிழல் தருவதுடன், கோடையில் புல் காய்ந்தபோது அதன் காய் ஆட்டுக்கு இரையாகிறது. ஒரு முறை விறகு விற்ற பணம் ஒரு மாதத்திற் செலவழிந்துபோம். மரம் அவ்வளவு பருக்கப் பல வருஷம் செல்லும்.

எரிக்கத் தகாதவையும் சாம்பலும்

பனியன் கொட்டகைகளிற் குவியும் கட்டிங் வேஸ்ட் துணியையும், பிளாஸ்டிக் உறைகளையும், ரப்பரையும் அடுப்பிற் போடுவது அறவே கூடாது. செயற்கை இழையும் சாயமும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் விஷவாயுக்கள் உண்டாகும். சைக்ளோன் அவற்றைத் தடுக்காது. வர்ணம் பூசிய பழைய பலகைகளும் அவ்வாறே.

சுத்தமான விறகின் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதியாகவும், சாம்பல் சத்து ஓரளவும் உண்டு. அதனை எருக்குழியிற் சிறிது சிறிதாகத் தூவிச் சேர்க்கலாம். இப்பகுதியில் சுண்ணாம்பு கலந்த, களர்த்தன்மையுள்ள மண்ணும் உண்டாகையால், மண் பரிசோதனை செய்யாமல் வயலில் நேரே கொட்டலாகாது. துணியோ பிளாஸ்டிக்கோ எரித்த சாம்பலை எருவாக ஒருபொழுதும் பயன்படுத்தக் கூடாது. கொதிகலனின் அடியிலிருந்து அவ்வப்போது திறந்துவிடும் நீர் உப்பு மிகுந்தது. அதனை வாய்க்காலிலும் கிணற்றோரத்திலும் விடுவது, பழைய பிழையைச் சிறிய அளவில் மறுபடியும் செய்வதாகும்.

கிராம அதிகாரிகளின் கடமை

யந்திரம் நிறுவ 1994-ம் வருஷ ஊராட்சிகள் சட்டப்படி அனுமதி கேட்டு வருபவரிடம், கிராம அதிகாரிகள் மூன்று விவரங்களைக் கேட்பது நலம்: வாரியத்தின் நிறுவும் இசைவு பெற்றாயிற்றா, பள்ளிக்கூடம், வீடுகள், குடிதண்ணீர்க் கிணறு ஆகியவை எவ்வளவு தூரம், மேல்காற்றும் கீழ்காற்றும் அடிக்கும் காலங்களில் புகை எப்பக்கம் செல்லும். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும் இப்பிரதேசத்தில், ஊருக்கு நேர் மேற்கே புகைபோக்கி நிறுத்துவது தகாது. புகையைப் பற்றி எவரேனும் முறையிட்டால், அதனை இரு குடும்பங்களின் மனஸ்தாபமாக மட்டும் கருதாமல், நேரம், காற்றின் திசை, புகையின் நிறம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதலாம். நெருப்பு மூட்டும் சிறிது நேரம் தவிர்த்து, நாள் முழுவதும் கரும்புகை வருமாயின், விறகிலோ காற்றிலோ குற்றமிருக்கிறது என்று உடையவருக்கே எடுத்துச் சொல்வது முதல் உபாயம். பல இடங்களில் அதுவே போதுமானது.

சுருக்கம்

1. ஆவியின் தேவையை யந்திரவாரியாகக் கணக்கிட்டு, மிகைப்படாத அளவில் வாங்குக.
2. நிறுவும் இசைவு கைக்கு வருமுன் முன்பணம் கொடுக்க வேண்டாம்.
3. மேற்காற்று, உயர்ந்த எரியறை, தூசிப்பிரிப்பான், சோதனைத் துவாரம் ஆகிய நான்கும் விலைப்பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.
4. பழைய கொதிகலனாயின், பதிவு எண்ணையும் சான்றையும் ஒத்துப் பார்க்காமல் வண்டியேற்ற வேண்டாம்.
5. கொதிகலன் வருமுன் விறகுக் கொட்டகை கட்டுக. ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்பட்ட விறகை அடுப்பிற்கு அருகிற் கொண்டுவர வேண்டாம்.
6. கொறங்காட்டு மரத்தை விட்டுச் சீமைக்கருவேலை வெட்டுக.

இவற்றுள் ஐந்தாவது, செலவு மிகக் குறைந்ததும் பயன் மிக அதிகமுமானதாகும். கொட்டகைக்கு வேண்டியவை நான்கு கால்களும் ஒரு கூரையுமே. அதனைக் கட்டாமல் கருவிகளுக்கு மட்டும் பணம் செலவிடுபவர், விதியையும் நிறைவேற்ற மாட்டார்; விறகையும் மிச்சப்படுத்த மாட்டார்.